அத்தியாயம் 7: நிர்வாகக் குழுவில் பிணக்கு நேரும்போது

ஊருக்கு வெளியே புஞ்சையாகக் கிடந்த 15 ஏக்கர் நிலத்தை ஒருவர் வாங்கிச் சாலைகள் வகுத்து, பூங்காவுக்கென்று ஓரிடம் ஒதுக்கி, 160 மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டுப் போன பின்பு, அவற்றை வாங்கியவர்கள் நெடுங்காலம் ஒருவரையொருவர் அறியாதவர்களாகவே இருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுக் காலத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று வாங்கியிருப்பார். ஒருவர் பெண்ணின் கலியாணத்துக்கு உதவும் என்று வாங்கியிருப்பார். மற்றொருவர் மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ உத்தியோகம் பார்த்துக்கொண்டு, தம் மனையின் எல்லைக் கற்களை ஒரே ஒரு முறை கண்ணால் கண்டிருப்பார். முதலில் குடியேறும் பத்துப் பதினைந்து குடும்பத்தார், தெருவிளக்கில்லாத இருட்டிலும் மழைக்காலச் சேற்றிலும் அவதியுற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடிப் பேசி, ஏழு பேருக்குக் குறையாமல் கையெழுத்திட்டு, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் மனை உரிமையாளர் நலச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்கிறார்கள். சங்கத்துக்கு ஒரு பெயரும், ஒரு லெட்டர்பேடும், ஒரு ரப்பர் ஸ்டாம்பும் உண்டாகின்றன. நான்கைந்து வருஷங்களுக்குள் அதே பெயருக்கு இரண்டு தலைவர்களும் இரண்டு ரப்பர் ஸ்டாம்புகளும் உண்டாகிவிடுகிற துர்ப்பாக்கியத்தையும் நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

அத்தகைய சங்கம் ஒன்றில் ஆறு வருஷம் காரியதரிசியாக இருந்தவன் என்ற முறையிலும், பிறகு அக்கம்பக்கத்துச் சங்கங்களின் விவகாரங்களைக் கேட்டுச் சொல்லும்படி அழைக்கப்பட்டவன் என்ற முறையிலும், எனக்கு நிச்சயமாக ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டையிடுகிறவர்கள் எதிர்த்தரப்பாரின் குணதோஷங்களை வெகு விஸ்தாரமாக எடுத்துரைப்பார்கள். அவர் சுயநலக்காரர், இவர் சர்வாதிகாரி, மற்றவர் மனைத் தரகருக்குக் கையாள் என்றெல்லாம் கேட்கும்போது, மனிதர்களை மாற்றினாலன்றி இதற்கு விமோசனமில்லை என்றே தோன்றும். ஆயினும் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், அநேகமாக ஒவ்வொரு முறையும், எழுதப்படாத ஒரு பக்கத்திலோ, அனுப்பப்படாத ஓர் அறிவிப்பிலோ, ஒருவருக்கும் காட்டப்படாத ஒரு கணக்கிலோ போய் நிற்க வேண்டியிருக்கிறது. தேர்தலில் ஜயித்தவர் அதன் முடிவை ஒப்புக்கொள்வதில் விசேஷம் ஒன்றுமில்லை; தோற்றவர், மனம் நொந்தவராயிருந்தும், காரியம் முறைப்படிதான் நடந்தது என்று கையெழுத்திடத் தயங்காத விதத்தில் அது நடத்தப்பட்டதா என்பதே நிர்வாகிகள் அடிக்கடி தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இனி வரும் யோசனைகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே.

அங்கத்தினர் ஜாபிதா

சங்கத்தின் அங்கத்தினர் யார் யார் என்று கேட்டால், "மனை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும்தான்" என்று எவரும் எளிதில் சொல்லிவிடுவார்கள். அமைதியான நாட்களில் இந்தப் பதில் போதும். கடும் போட்டியுள்ள தேர்தல் ஒன்று வரும்போதோ, புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலும் கிரயமான மனைக்கு ஓர் ஓட்டா இரண்டு ஓட்டா, தகப்பனார் காலமான பின் பாகம் பிரியாத நான்கு பிள்ளைகளில் யார் கை தூக்குவது, மனையை விற்றுவிட்ட பின்னும் சந்தா கட்டி வருகிறவர் அங்கத்தினர்தானா, சேர்ந்தாற்போல் மூன்று மனை வாங்கியவருக்கு எத்தனை ஓட்டு, வெளிநாட்டில் இருப்பவருடைய பவர் ஏஜென்ட் வந்து உட்காரலாமா என்று கேள்விகள் வரிசையாகக் கிளம்புகின்றன. ஓட்டு எண்ணும் வேளையில் இக்கேள்விகளுக்குச் சொல்லப்படும் எந்தப் பதிலும், அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், ஒரு கட்சிக்குச் சாதகமாகச் சொன்னதாகவே மற்றக் கட்சிக்குப் படும். ஆகையால் தேர்தல் வாசனையே இல்லாத ஒரு வருஷத்தில், எல்லோரும் சிநேகமாக இருக்கும்போது, உபவிதிகளைத் திருத்தி இவற்றுக்கு விடை எழுதிவிட வேண்டும்.

ஓட்டு ஆளுக்கா மனைக்கா என்பதில் நான் ஒரு கட்சி எடுத்துக்கொள்கிறேன். மனைக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால், விற்காமல் இருபது மனைகளைத் தம் பெயரில் வைத்திருக்கும் மனைப்பிரிவு அமைப்பாளர், அங்கே குடியிருக்கும் இருபது குடும்பங்களுக்குச் சமமான பலம் உடையவராகிவிடுகிறார். சாலை போடுவதாக வாக்களித்துவிட்டுப் போடாமற்போனவரே அந்தப் பலத்தைக் கொண்டு, தம்மிடம் சாலையைக் கேட்க வேண்டிய குழுவையும் நியமித்துவிட முடியும். ஓர் அங்கத்தினருக்கு, அவர் எத்தனை மனை உடையவராயினும், ஓர் ஓட்டு. கூட்டு மனைக்கு, உரியவர்கள் தம்முள் எழுதிக் கொடுக்கும் ஒருவருக்கு ஓட்டு. பராமரிப்புக் கட்டணம் மட்டும் மனையின் அளவுக்கேற்றபடி என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும் புதிய மனைப்பிரிவுகளில், ஸ்தல சட்டம் வேறு விதமாகக் கூறாதவிடத்து, பாதிக்கு மேற்பட்ட மனைகள் ஒப்பந்தமான மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழிசெய்வது அமைப்பாளரின் கடமை. அதை நினைவூட்டிக் கேட்டு வாங்கிக்கொள்கிற இடங்களில் பிற்காலச் சண்டைகள் குறைவு.

சந்தா பாக்கியைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். பாக்கிக்காரருக்கு ஓட்டில்லை என்று உபவிதி இருக்கலாம், இருப்பது நல்லதும்கூட. ஆனால் ஐந்து வருஷமாக யாரிடமும் கேட்காத பாக்கியை, கூட்டத்தன்று கல்யாண மண்டபத்தின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, எதிர்க்கட்சியாரைக் கண்டபோது மட்டும் ஞாபகப்படுத்துவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற ஜாபிதாவைக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் அனுப்பி, கட்டக் கடைசித் தேதி இன்னதென்று குறித்து, அந்தத் தேதியில் மாலை ஐந்து மணிக்குக் கணக்கை மூடி, மூடிய கணக்கின் நகலை இரு தரப்பாரிடமும் கொடுத்துவிட வேண்டும்.

ஜாபிதாவில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மனை எண், கிரயப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும், தற்போதைய விலாசம், தொலைபேசி எண், வாரிசு அல்லது பவர் விவரம் ஆகியவை இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை இதைச் சரிபார்ப்பதற்குக் காரியதரிசிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாகும்.

அறிவிப்பு

நீதிமன்றத்துக்குப் போகும் சங்க வழக்குகளில், கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதைவிட, கூட்டத்துக்கு அழைத்தார்களா என்பதே முதலில் ஆராயப்படும். விசேஷத் தீர்மானம் நிறைவேற வேண்டுமானால், இன்ன தீர்மானம் கொண்டுவரப்போகிறோம் என்பதைக் குறிப்பிட்டு 21 நாளுக்குக் குறையாத அறிவிப்பு தந்திருக்க வேண்டும்; வந்திருந்து ஓட்டளிக்க உரிமையுள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவும் வேண்டும். உபவிதியைத் திருத்துவதற்கு இவ்விதத் தீர்மானமே தேவை. திருத்தம் பதிவாளரிடம் தாக்கலாகிப் பதிவும் ஆனாலொழிய அதன்படி நடக்கலாகாது. இருபத்தோராம் நாள் எது என்று எண்ணும்போது, அறிவிப்பு அனுப்பிய நாளையும் கூட்டத்து நாளையும் நீக்கி எண்ணுங்கள். இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு வருஷம் வழக்காடியவர்களை நான் அறிவேன்.

நிகழ்ச்சி நிரலின் கடைசியில் "தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்று ஒரு வரி சம்பிரதாயமாக எழுதுவதுண்டு. பாதிப் பேர் எழுந்து காபி குடிக்கப் போன பிறகு, இந்த வரியின் நிழலில் போர்வெல் போடவும், காவலாளை மாற்றவும், மனைக்கு 5,000 ரூபாய் வீதம் விசேஷ வசூல் செய்யவும் தீர்மானித்துவிட்டு, மறுநாள் சுற்றறிக்கை அனுப்பினால், வெளியூரிலிருக்கும் அங்கத்தினர் தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று கருதுவதில் என்ன பிசகு இருக்கிறது? வசூல், கிரயம், குத்தகை, வழக்கு, நிர்வாகியை நீக்குதல் ஆகிய ஐந்தும் தனித்தனிப் பிரேரணைகளாக அறிவிப்பில் அச்சிடப்பட்டாலன்றிக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு நியமம் வைத்துக்கொள்ளுங்கள்.

இக்காலத்தில் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, அறிவித்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு விலகியவர்களே எதிர்க்கட்சியாராக இருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் அபாயம் விளங்கும். உபவிதி எந்த முறையைச் சொல்லுகிறதோ அந்த முறையில் அனுப்பி, அஞ்சலக ரசீதுகளை ஒரு கவரில் போட்டுக் கூட்டத்துத் தேதியை மேலே எழுதி வையுங்கள். வாட்ஸப் செய்தி அதற்கு மேல் ஓர் உபசாரமாக இருக்கட்டும்.

குறிப்பேடு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு சாசனங்கள், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்டவை, இருக்கின்றன. அவற்றைக் குடவோலைத் தேர்தலுக்கு உதாரணமாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நிலமுடையோர் சபை ஒன்றின் உபவிதிகள் என்று எண்ணி அவற்றை மறுபடி படித்தபோது எனக்கு உண்டான வியப்பு அதிகம். வாரியத்துக்கு வருபவர் கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவராயிருக்க வேண்டும்; முந்திய மூன்று வருஷங்களில் வாரியம் பார்த்தவர் வரக் கூடாது; வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாமற் போனவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. அந்தச் சபை ஒரு வகுப்பாருக்கும் ஆடவருக்கும் மட்டுமே உரியதாயிருந்தது; அந்தக் குறையை நாம் மறக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அவர்கள் ஓலை எடுத்த முறை. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பாலகன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையிலே அதை ஏற்று, உரக்க வாசிக்க, அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைத் தாமும் வாசித்த பிறகே பெயர் எழுதிக்கொள்ளப்பட்டது. விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகத்தை, அது எழுவதற்கு முன்பே, விரித்த விரல்கள் போக்கிவிட்டன. முதல் விதிகள் செய்து இரண்டே ஆண்டுகளில் குறைகண்டு அவற்றைத் திருத்தியும் இருக்கிறார்கள்.

நம்முடைய மினிட்ஸ் புத்தகம் அந்த விரித்த கையாக இருக்க வேண்டும். தைத்த புத்தகமாக, பக்கங்களுக்கு அச்சிட்ட எண்ணோடு வாங்குங்கள்; தனித்தனித் தாள்களில் தட்டச்சு செய்து பிறகு ஒட்டுவது சௌகரியமானதுதான், ஆனால் ஒட்டிய தாளைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வக்கீலின் முகம் மலருகிறது. கூட்டம் கலைவதற்கு முன்பே, வந்தவர்களின் கையெழுத்து, ஒவ்வொரு பிரேரணையின் வாசகம், பிரேரித்தவர், ஆமோதித்தவர், ஆதரவாகவும் எதிராகவும் விழுந்த ஓட்டுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, எல்லோரும் கேட்க வாசித்து, அக்கிராசனர் கையெழுத்திட வேண்டும். "பின்னர் எழுதிக்கொள்ளலாம்" என்பதற்கு இடமே தரக் கூடாது.

எதிர்த்தவரின் காரணத்தை அவருடைய சொற்களிலேயே இரண்டு வரி எழுதி, அதன் கீழே அவரைக் கையெழுத்திடச் சொல்ல வேண்டும் என்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன். என் சங்கத்தில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ரெவின்யூ அதிகாரி, மழைநீர் வடிகாலை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்ற விஷயத்தில் குழுவை எதிர்த்து மூன்று கூட்டங்களில் வெளிநடப்புச் செய்தார். நான்காம் கூட்டத்தில் அவருடைய ஆட்சேபத்தை, கிழக்குத் தெரு மட்டம் மேடானது, தண்ணீர் திரும்பி வரும் என்று அவர் சொன்னபடியே எழுதி, "ஐயா, நீங்கள் சொன்னது சரியாக இருக்கிறதா, பாருங்கள்" என்று புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லைத் திருத்திக் கையெழுத்திட்டார். தீர்மானம் அவருக்கு விரோதமாகவே நிறைவேறியது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வெளிநடப்புச் செய்யவில்லை. அந்த ஐப்பசியில் தண்ணீர் திரும்பியும் வந்தது. வடிகாலை மாற்ற வேண்டி வந்தபோது, பழி யாருடையது என்று ஒருவரும் வாதாடவில்லை; பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம், வேலையை அவரிடமே ஒப்படைத்தோம்.

பணமும் சொந்தமும்

பாங்குக் கணக்கைத் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதாரர் ஆகிய மூவரில் இருவர் கையெழுத்தால் நடத்துவது எங்கும் உள்ள வழக்கம். குழு பிளவுபட்டு, ஒவ்வொரு தரப்பும் தாங்களே உண்மையான நிர்வாகிகள் என்று பாங்குக்குக் கடிதம் எழுதிய மறுநாளே, பாங்கு மானேஜர் கணக்கை நிறுத்தி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இதனால் தலைவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தண்ணீர் மோட்டாரின் கரண்டு பில் கட்டப்படாமல் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. சம்பளம் வராத காவலாளி, கடைக்காரரிடம் கடன் சொல்லிக் காலம் தள்ளுகிறார். வயதான தம்பதிகள் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள். ஆகவே எவ்வளவு கடுமையான சண்டையானாலும், மின்கட்டணம், காவலாளி சம்பளம், தொட்டி சுத்தம் செய்யும் கூலி ஆகிய மாதாந்தரச் செலவுகளை மட்டும் இரு தரப்பிலும் ஒவ்வொருவர் கையெழுத்திட்டு எடுத்துக் கொடுப்பதென்றும், இப்படிச் செய்வதால் எவருடைய உரிமைக்கும் பாதகமில்லை என்றும் ஓர் உடன்படிக்கை எழுதிப் பாங்குக்குக் கொடுத்துவிடுங்கள். சண்டை தொடங்கிய முதல் வாரத்தில் இதற்கு எல்லோரும் சம்மதிப்பார்கள். ஆறு மாதம் கழிந்தால் சம்மதம் கிட்டாது.

குழுவில் இருப்பவரே சாலை வேலைக்குக் கொட்டேஷன் கொடுப்பதும், அவருடைய மைத்துனர் கொடுப்பதும் புதிதல்ல. சில சமயம் அவருடையதே குறைந்த விலையாகவும் நல்ல வேலையாகவும் இருக்கக்கூடும். சம்பந்தமுள்ளவர் அதை முன்கூட்டிச் சொல்லி, அந்தப் பொருள் வரும்போது அறையை விட்டு எழுந்து போய், அவர் போன நேரமும் திரும்பிய நேரமும் புத்தகத்தில் ஏறினால் போதும். வருஷக் கணக்கை ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்திட்ட பின், வவுச்சர்க் கட்டை ஒரு வார காலம் காலையில் இரண்டு மணி நேரம் எவரும் வந்து பார்க்கும்படி வைத்து, வந்தவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று பேருக்குமேல் வரமாட்டார்கள். கதவு திறந்திருந்தது என்பதே மற்றவர்களுக்குப் போதும்.

பூங்காவைப் பற்றிய சண்டைகள் தனி ரகம். நகர் ஊரமைப்பு இயக்ககமோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ அங்கீகரித்த மனைப்பிரிவில், சாலைகளும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் சாலை நீங்கிய நிலத்தில் பத்து சதவீதமாகிய திறந்தவெளியும், ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. பூங்காவில் செடி வைக்கவும் வேலி போடவும் ஊராட்சியின் சம்மதத்தோடு சங்கம் முயலலாம். அதில் கோயில் கட்டுவதா, சங்கக் கட்டடம் கட்டுவதா, ஒரு மூலையைப் பால் பூத்துக்கு வாடகைக்கு விடுவதா என்று இரு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொண்ட குழு ஒன்றில், தானப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து எடுத்து வந்து வாசித்துக் காட்டினேன். சங்கத்துக்கு அந்த நிலத்தில் ஒரு சென்டும் இல்லை என்று தெரிந்ததும், இரண்டு வருஷத்துச் சண்டை கால் மணி நேரத்தில் பொருளற்றுப் போயிற்று. எந்தப் பிணக்கிலும் அபிப்பிராயம் கேட்பதற்கு முன் மூலப் பத்திரத்தைக் கேட்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். அங்கீகாரம் பெறாத பழைய மனைப்பிரிவுகளுக்கு, 2016 அக்டோபர் 20ஆம் தேதியை வரம்பாக வைத்து 2017இல் வந்த வரன்முறை விதிகள் உண்டு. வரன்முறைக்கென்று மனைதோறும் வசூலித்த தொகையைச் சங்கத்தின் பொதுக் கணக்கோடு கலந்துவிடாமல் தனிக் கணக்கில் வையுங்கள்.

பிளவு ஏற்பட்டுவிட்டால்

நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், குழுவினரின் பதவிக் காலம் மூன்று வருஷத்துக்கு மேற்படக் கூடாது என்றும் சட்டம் சொல்லுகிறது. அவர்களே மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. குழு மாறினால் அந்த மாறுதலை மூன்று மாதத்துக்குள் படிவம் 7இல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு கட்சியாரும் தனித்தனித் தேர்தல் நடத்தி ஆளுக்கொரு படிவம் 7 கொண்டுபோய் நீட்டுவதே பிளவின் உச்ச கட்டம். பதிவாளர் அலுவலகத்தில் யார் பெயர் முதலில் ஏறுகிறதோ அவர்களே ஜயித்தவர்கள் என்ற நம்பிக்கையில், காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பவர்கள் உண்டு. எந்தத் தேர்தல் செல்லும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை, அத்தகைய தகராறு சிவில் நீதிமன்றத்தில்தான் தீர்க்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பன்முறை கூறியிருப்பதை அவர்கள் அறியார்.

பதிவாளரிடம் வேறு ஒரு பரிகாரம் இருக்கிறது. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, குழுவினரில் பெரும்பாலோரோ, அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ விண்ணப்பித்தால், சங்கத்தின் அமைப்பு, செயல், நிதிநிலை ஆகியவற்றை அவர் விசாரிக்கலாம். கணக்கு மறைக்கப்பட்ட இடத்தில் இது பயனுள்ள வழி. ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்றால் எந்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு? சரிபார்த்த ஜாபிதா இல்லாத சங்கத்தில் விண்ணப்பம் அந்த வாசலிலேயே இடறி விழுகிறது. அடுக்குமாடி வீடுகளுக்கென்று வந்த 2022ஆம் ஆண்டின் சட்டத்தைத் தனி மனைகளுக்கும் பொருந்துமென்று மேற்கோள் காட்டுகிறவர்களும் உண்டு. அது அடுக்குமாடிக் குடியிருப்புக்களுக்கே உரியது.

நீதிமன்றத்துக்குப் போவது தவறு என்று நான் சொல்லவில்லை. பணம் கையாடப்பட்டிருந்தாலும், பொது நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தாலும், அங்கே போய்த்தான் ஆக வேண்டும். தேர்தல் தகராறு மட்டும் இருக்குமானால், வழக்கு முடிவதற்குள் வழக்குக்குக் காரணமான மூன்று வருஷப் பதவிக் காலமே முடிந்துவிடுவது சகஜம். அதற்குள் அந்தச் சங்கத்தின் பேரால் ஊராட்சிக்கோ மின்வாரியத்துக்கோ ஒரு மனுவும் எழுத முடிவதில்லை.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கட்சியார் பூங்காவின் வேப்பமரத்தடியிலும், மற்றக் கட்சியார் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலும் பொதுக்குழு கூட்டி, இரண்டு நிர்வாகங்களைத் தேர்ந்தெடுத்த ஒரு சங்கத்துக்கு நான் அழைக்கப்பட்டேன். பதினான்கு மாதங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. மோட்டார் எரிந்துபோய், அதை இறக்கிப் பழுதுபார்க்க யார் கையெழுத்தும் செல்லாமல், எட்டு நாள் தண்ணீர் நின்ற பிறகுதான் இரு தரப்பாரும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். யார் செய்தது சரி என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கிரயப் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் பார்த்து ஜாபிதாவை மட்டும் தயாரித்தோம். தரப்புக்கு இருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்திட்டார்கள். முதல் வாரம் ஒவ்வொரு பெயருக்கும் வாதாடியவர்கள், மூன்றாம் வாரம் ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அடுத்த நகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரைத் தேர்தல் அதிகாரியாக வைத்து, உபவிதிப்படி அறிவிப்பு அனுப்பி, இரகசிய ஓட்டில் தேர்தல் நடந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு ஓட்டுச் சீட்டையும் பிரித்து, இரு தரப்பு ஏஜென்டுகளின் கண்ணுக்கும் நேரே பிடித்துக் காட்டி, பிறகே வாசித்தார். வேப்பமரத்தடிக் கட்சியார் ஒன்பது ஓட்டில் தோற்றார்கள். அவர்களுடைய தலைவரே முடிவின் கீழ் முதல் கையெழுத்தைப் போட்டார்.

தேர்தல் முடிந்த ஏழு நாட்களுக்குள் பொறுப்பு மாற வேண்டும். பதிவுச் சான்றிதழ், உபவிதியின் அசல், மினிட்ஸ் புத்தகங்கள், அங்கத்தினர் ஜாபிதா, ரசீதுப் புத்தகங்கள் அவற்றின் தொடர் எண்ணோடு, செக் புத்தகத்தில் மீதியுள்ள தாள்களின் எண்கள், பாஸ்புக், வவுச்சர்க் கட்டுகள், மின் இணைப்பு எண்கள், நடப்பு வழக்குகளின் விவரம், வாட்ஸப் குழுவின் பொறுப்பு, ரப்பர் ஸ்டாம்பு என்று ஒவ்வொன்றாக எழுதி, இல்லாதவற்றுக்கு நேரே "இல்லை" என்றே எழுதி, இரு காரியதரிசிகளும் இரண்டு பிரதிகளில் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன சங்கத்தில் ரப்பர் ஸ்டாம்புகள் இரண்டு இருந்தன. இரண்டையும் மேஜைமேல் வைத்து, அவற்றின் அச்சை அந்தத் தாளிலேயே பக்கம் பக்கமாகப் பதித்து, ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் அறுத்துப் போட்டுவிட்டு, மற்றொன்றையும் மோட்டார் அறைச் சாவியையும் புதிய காரியதரிசியிடம் கொடுத்தார்கள்.